வீடு பார்த்தலியல்: சென்னைப் பெருநகரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பின்புலமும் கருதுகோளும்

நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்தாகப் பகுத்த தமிழ் மரபு, அப்பார்ட்மென்டுக்குத் திணை வகுக்காமல் விட்டது பெருங்குறை. டிசம்பரில் நெய்தலாகவும் மே மாதத்தில் பாலையாகவும் திரியும் வேளச்சேரி டபுள் பெட்ரூம் வீட்டை எந்தத் திணையில் அடக்குவது என்று உரையாசிரியர்கள் எவரும் சொல்லிப் போகவில்லை. அந்த இடைவெளியை இக்கட்டுரை இயன்றவரை நிரப்பும். ஆய்வு எல்லை சென்னையும் அதன் புறநகரும். கருதுகோள் ஒன்றே: வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி வீட்டுக்குள் இல்லை.

2. பார்வைக் குழுவும் அதன் முறையியலும்

வீடு பார்க்க யாரும் தனியாகப் போவதில்லை. வாங்குபவர், அவர் மனைவி, மாமனார், ‘கட்டட லைன்ல’ இருக்கும் நண்பர், வீட்டில் விட்டுவர ஆளில்லாததால் கூட்டிவந்த குழந்தை ஆகியோர் கொண்டதே முழுமையான குழு.

நண்பர் சுவரை விரல் முட்டியால் தட்டுவார். என்ன சத்தம் வர வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, சுவருக்கும் தெரியாது. ஆனாலும் தட்டி முடித்து ஒரு ‘ம்’ போடுவார். அந்த ‘ம்’முக்கு இதுவரை உரை எழுதப்படவில்லை.

மாமனார் செல்போனில் திசைகாட்டியைத் திறந்து ஈசானிய மூலையைத் தேடுவார். கான்கிரீட்டுக்குள் கிடக்கும் கம்பிகள் திசைகாட்டியைக் குழப்பும் என்பதால், ஹாலில் ஒரு பக்கம் இருந்த வடக்கு சமையலறைக்குப் போவதற்குள் இடம் மாறியிருக்கும். ‘கிழக்கு பார்த்த வீடு சார்’ என்று தரகர் வாசலிலேயே அறிவித்துவிட்டதால் இது குறித்து மேல்முறையீடு கிடையாது.

மனைவியின் கேள்விகளில்தான் சாரம் உண்டு. வாஷிங் மெஷினுக்குக் குழாய் எங்கே? துணி எங்கே காயப்போடுவது? இன்வெர்ட்டர் எங்கே வைப்பது? மூன்றுக்கும் தரகர் ‘பண்ணிக்கலாம் மேடம்’ என்பார். யார் செலவில் என்பது சொல்லாமலே விளங்கும்.

இதற்கிடையே குழந்தை கழிவறைக்குப் போய் ஃப்ளஷை அழுத்தி, தொட்டி மறுபடி நிரம்புகிறதா என்று நின்று பார்க்கும். மாடித் தொட்டியில் தண்ணீர் உண்டா, வேகமாக வருகிறதா, அடியில் ஒழுகுகிறதா என்ற மூன்றும் ஒரே அழுத்தில் தெரிந்துவிடும். குழுவில் சோதனை என்று சொல்லத்தக்கதைச் செய்வது குழந்தை மட்டுமே. அதற்காகத் திட்டு வாங்குவதும் அதுவே.

3. தரகர் நிலைக் கோட்பாடு

ஓர் அறையில் தரகர் எங்கே அசையாமல் நிற்கிறாரோ, அவர் முதுகுக்குப் பின்னால் குறை இருக்கிறது. இது முதல் விதி.

இரண்டாம் விதி பெயின்ட் பற்றியது. வீடு முழுவதும் மங்கிக் கிடக்க, ஒரு சுவர் மட்டும் பளிச்சென்று இருந்தால் அந்தப் பக்கம் குளியலறை இருக்க வாய்ப்பு மிகுதி.

மூன்றாம் விதி காலண்டர் பற்றியது. தேதி கிழிக்க வேண்டிய காலண்டர் இடுப்பு உயரத்தில் தொங்கினால் அது தேதி பார்க்க மாட்டப்பட்டதன்று. மெல்லத் தூக்கிப் பார்த்தால் பின்னால் பெயின்ட் அப்பளமாக உப்பியிருக்கும். விரல் பட்டால் வெள்ளைப் பொடியாக உதிரும். அட்டையில் முருகன் எதுவும் நடக்காததுபோல் புன்னகைத்துக்கொண்டிருப்பார்.

4. நீரியல்

‘நல்ல தண்ணி சார்’ என்பது கூற்று; சான்று குளியலறை வாளியில் உள்ளது. உள்விளிம்பில் வெள்ளைப் படலம் கட்டியிருந்தால் உப்புத் தண்ணீர். செம்பழுப்புக் கறை இருந்தால் தண்ணீரில் இரும்பு. குடியிருக்கும் வீட்டில் வாளி மட்டும் புத்தம்புதிதாக இருந்தால் ஐயம் இரட்டிக்கும்.

ஏரியில் வீடு என்பது இந்நகரில் வசையன்று. தியாகராய நகரே 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். எனவே ‘இது ஏரியா?’ என்று கேட்பதில் பயனில்லை. கேட்க வேண்டியவை இரண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது? செம்பரம்பாக்கமும் செங்குன்றமும் வறண்ட 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு எத்தனை நாள் காத்திருந்தீர்கள்?

தரகரிடம் கேட்டால் ‘இந்தத் தெருவுக்கு மட்டும் வரலை சார்’ என்பார். அடுத்த தெருத் தரகரும் அதையே சொல்வார். ஆகவே முதன்மைத் தகவலாளர் தெருமுனை இஸ்திரிக்காரர். அவருக்கு விற்க வீடில்லை. கேட்டதும் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, தம் காலிலேயே முட்டிக்கு மேல் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவார். இதைவிடத் துல்லியமான வெள்ள வரைபடம் ஆய்வாளருக்குக் கிடைக்கவில்லை.

5. அளவியலும் ஆவணவியலும்

விளம்பரத்தில் 1,200 சதுர அடி என்றிருப்பதில் படிக்கட்டும் லிஃப்டும் வாட்ச்மேன் நாற்காலி போட்டிருக்கும் இடமும் சேர்த்தி. வெளிச்சுவரையும் பால்கனியையும் கழித்துவிட்டு உள்ளே புழங்கும் பரப்பையே 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் கார்ப்பெட் ஏரியா என்கிறது. அதைக் கேட்டு வாங்குக. அடுத்து யு.டி.எஸ். எனப்படும் பிரிபடாத நிலப் பங்கு. கட்டடம் பழையதாகி இடிபடும் நாளில் கையில் மிஞ்சுவது அந்தப் பங்குதான்.

வில்லங்கச் சான்றில் பதிவான பரிவர்த்தனைகள் மட்டுமே ஏறும். அண்ணன் தம்பி வாய்த்தகராறு ஏறாது. எனவே மூலப் பத்திரத்திலிருந்து ஒவ்வொரு கைமாற்றமும் சங்கிலியாக வருகிறதா, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பவற்றையும் பார்க்க வேண்டும். சி.எம்.டி.ஏ. அனுமதித்த வரைபடத்தில் கார் நிறுத்துமிடம் என்றிருக்கும் இடத்தில் ஒரு குடும்பம் கோலம் போட்டுக் குடியிருந்தால், அந்த வீட்டு விருந்தோம்பலை ஏற்கலாம். வீட்டை ஏற்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

6. முடிவும் பரிந்துரையும்

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. ஃப்ளஷ், காலண்டர், வாளி நீங்கலாக, முக்கியமான தரவுகள் இஸ்திரி வண்டியிலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் வரைபடத்திலுமே கிடைத்தன. ஞாயிறு காலை பதினொரு மணிக்கு எல்லா வீடும் நல்ல வீடே.

ஆகவே வாங்குவோருக்கு ஒரு வேண்டுகோள். பிடித்த வீட்டுக்கு இன்னொரு முறை போங்கள்: பெருமழை பெய்த மறுநாள், தரகர் இல்லாமல். கீழ்வீட்டுக்காரரிடமும் அசோசியேஷன் செயலாளரிடமும் பேசுங்கள். பழைய பராமரிப்புப் பாக்கி உண்டா என்று கேளுங்கள். பத்திரங்களை உங்கள் வக்கீல் படித்து முடிக்கும்வரை டோக்கன் அட்வான்ஸ் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.