வெறுங்காலின் தரநிலை

தடுப்பின்றித் தரை முழுவதும் நனையும் குளியலறைக்கு மொசைக் டைல் தேர்ந்தெடுப்போர், காலால் மிதிக்கவேண்டிய பொருளைக் கடை விளக்கின்கீழ்க் கண்ணால் மட்டுமே சோதித்து வாங்குகின்றனர். ஜெர்மானியரோ, 2021 வரை டிஐஎன் 51097 என்னும் தரநிலையில் இருந்த முறைப்படி, சோப்புநீர் வழியும் சாய்தளத்தில் ஒருவரை வெறுங்காலுடன் நடக்கவிட்டு, அவர் தடுமாறும்வரை சாய்வைக் கூட்டி, குறைந்தது 18 பாகையைத் தாங்கும் டைல்களையே குளிக்குமிடத்துக்கு ஏற்ற ‘பி’ வகுப்பில் சேர்க்கின்றனர் (சோதனையாளருக்குப் பாதுகாப்புக் கயிறு உண்டு, வீட்டில் குளிப்பவருக்கு அவ்வசதி இல்லை). 5 செ.மீ.க்கு மிகாத சிறு டைல்கள் வடிகாலை நோக்கிய சரிவுக்கு இணங்கிப் படிவதோடு, அவற்றின் இடைவெளிகளை நிரப்பும் கலவையான கிரவுட்டின் கோடுகள் பாதத்துக்குப் பிடிப்பும் தருகின்றன. அக்கோடுகளைத் தேய்த்துக் கழுவப்போகிறவர் யார் என்பதில் விற்பனை ஏடுகள் கண்ணியமான மௌனம் காக்கின்றன. மெருகேற்றிய பளிங்கே வேண்டுமென்போர் அதைச் சுவரில் பதிக்கலாம். சுவரில் நடப்போர் குறைவு.