20 ஏக்கரும் 10 பேரும்

மலையகத் தமிழரைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதும் பிள்ளைகள் முதலில் பிடிப்பது 4.4 சதவீதத்தை. 2012 குடிசன மதிப்பீட்டில் அது தோட்டத்துறையில் வசித்தோரின் பங்கு. இந்தியத் தமிழர் என்று பதிந்தவர்கள் 4.1. கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று கலந்தடித்தால், கேகாலைத் தோட்டத்துச் சிங்களத் தொழிலாளி அட்டவணையில் தமிழராகிவிடுகிறார். இரத்தினபுரி டவுனில் கடை வைத்திருக்கும் நம்மாள் ஆளையே காணோம்.

தோட்டத்துறைக்கு வரைவிலக்கணமும் உண்டு: 20 ஏக்கருக்குக் குறையாத காணி, குடியிருக்கும் தொழிலாளர் குறைந்தது 10 பேர். அதை யார் வாசிக்கிறார்கள்? (மேற்பார்வையாளரும் "சோர்ஸ் போட்டாச்சா?" என்பதோடு சரி.)

பால்வெட்டக் கடைசியாகப் பத்துப் பேர் மிஞ்சிய ஒரு றப்பர் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டால், அடுத்த கணக்கெடுப்பில் அந்த லயமே கிராமம். அதே தகரம், அதே ஒழுக்கு, அதே கடன் கொப்பி. ஆனால் தோட்டத்துறையில் ஏழைகள் குறைந்துவிட்டார்கள் என்று தாராளமாக முடிவுரை எழுதலாம். பை சார்ட்டும் கலராக வரும்.