இரண்டு கையும் சரியா?

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். கொடுத்த கையோடு, எம்.பி.பி.எஸ். சேர இரண்டு கையும் பழுதில்லாமல், உணர்ச்சியோடு, வலுவோடு இருக்க வேண்டும் என்றது மருத்துவ ஆணைய விதி. நீட் மார்க்கெல்லாம் அப்புறம். முதலில் கையை நீட்டு! (நம் டாக்டர்கள் எழுதும் மருந்துச் சீட்டைப் பார்த்தால், இரண்டு கையும் சரியாக இருந்து என்ன பயன் என்றுதான் தோன்றுகிறது.) பையன் ஊசி போடுவானா, நாடி பார்ப்பானா என்பதைவிட, சான்றிதழில் ஊனம் எத்தனை சதவீதம் என்பதே பெரிய கேள்வியாக இருந்தது.

2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் என்ற மாணவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், சதவீதத்தை மட்டும் காட்டிக் கதவைச் சாத்தாதீர்கள், படிக்க முடியுமா என்று பாருங்கள் என்றது. 2025 பிப்ரவரியில், அன்மோல் என்ற மாணவரின் வழக்கில், ‘இரண்டு கை’ விதியே தன்னிச்சையானது என்றது.

கல்லூரி முதல்வர்களே, தீர்ப்பை ஃபைலில் வைப்பதற்கு முன், உடற்கூறியல் கூடத்துக்கு ஒரு சாய்தளம் கட்டிவிடுங்கள்.