பிரேக் மிதித்தால் ஆடும் ஸ்டீயரிங்

கேள்வி: பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகும்போது, பிரேக் மிதித்தால் மட்டும் என் ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்டீயரிங் நடுங்குகிறது. வீல் பேலன்சிங் செய்தும் தீரவில்லையே?

பதில்: காலில் முள் குத்தியதற்குத் தலையில் தைலம் தேய்த்திருக்கிறீர்கள்! பேலன்சிங் கோளாறு என்றால் பிரேக்கைத் தொடாமலே ஆடும். மிதிக்கும்போது ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன் டிஸ்க். சீட் அதிர்ந்தால் பின்னால் பாருங்கள்.

‘டிஸ்க் வளைந்துபோச்சு’ என்பார்கள். உண்மையில் வளைவது அபூர்வம். தடிமன்தான் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. 0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே கையை ஆட்டிவிடும். வேகமாக வந்து நெரிசலில் சடாரென நின்று, பெடலை அழுத்தியபடியே காத்திருந்தால், சூடான பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டாக ஒட்டிக்கொள்ளும். கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி டிஸ்க்கை ஆறவிடுங்கள்.

புது டிஸ்க் வாங்க ஓடாதீர்கள். முதலில் டயல் கேஜ் வைத்து டிஸ்க்கின் கோணலை அளக்கச் சொல்லுங்கள். கோணலுக்கு, டிஸ்க் உட்காரும் ஹப்பில் உங்கள் ஊர் இடவப்பாதி மழையில் ஏறிய துருவும் காரணமாகலாம். அதைச் சுரண்டாமல் மாட்டினால் புது டிஸ்க்கும் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஆடத் தொடங்கும். வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால், எதிரெதிராக முறுக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நின்று பாருங்கள்.