மரக்கத்தி வக்கீல்

பள்ளி ஆண்டு விழாக்களில் தொண்டை கமற வாசிக்கிறார்களே, மகனின் ஆசிரியருக்கு ஆபிரகாம் லிங்கன் எழுதிய கடிதம்? அதை அவர்தான் எழுதினார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டு ஆதாரம்கூடக் கிடையாது. நிஜ லிங்கனின் கடிதப் போக்குவரத்து லட்சணமே வேறு. வெளியூரிலிருந்து வந்த ஒரு கடிதத்தைத் தொப்பிக்குள் செருகிவைத்தார். மறுநாள் புதுத் தொப்பி வாங்கினார். பழைய தொப்பியோடு கடிதமும் மூலைக்குப் போனது. 1850இல் இதையே காரணமாக எழுதி மன்னிப்பும் கேட்டார்.

அப்போது ஸ்பிரிங்ஃபீல்டில் வக்கீலாக இருந்த லிங்கன் ஒரு முன்னாள் ராணுவ வீரரும்கூட. 1832இல் பிளாக் ஹாக் என்ற பழங்குடித் தலைவர், பறிபோன தன் ஊர் மண்ணில் மறுபடி சோளம் போடலாம் என்று குழந்தை குட்டிகளோடு சுமார் ஆயிரம் பேரைக் கூட்டிக்கொண்டு மிசிசிப்பியைத் தாண்டி வந்தார். இலினாய் மாநிலம் அதைப் படையெடுப்பு என்று அறிவித்துத் தொண்டர்படை திரட்டியது. லிங்கனுக்கு வயது 23. வேலை பார்த்த கடை மூடுவிழாவுக்குத் தயாராக இருந்தது. சட்டமன்றத் தேர்தலில் நிற்பதாக வேறு அறிவித்திருந்தார். பிழைப்பில்லாத வேட்பாளருக்குப் போரைவிட நல்ல இடம் ஏது?

படையில் சேர்ந்தார். அங்கே கேப்டன் தேர்வு ரொம்பச் சுலபம். வேட்பாளர்கள் திடலில் நிற்க வேண்டும். அவரவருக்குப் பிடித்தவர் பின்னால் ஆட்கள் போய் நிற்பார்கள். லிங்கன் பின்னால்தான் நீள வரிசை. ஆனால் கேப்டனுக்கு டிரில் தெரியாது. ஒரு நாள் படை அகல வரிசையில் வேலியை நெருங்கியது. திறப்போ குறுகலானது. வரிசையைத் திருப்பும் உத்தரவு என்னவென்று மறந்துவிட்டது. “ரெண்டு நிமிஷம் எல்லாரும் கலைஞ்சு போங்க, வேலிக்கு அந்தப் பக்கம் வந்து வரிசையில நில்லுங்க” என்ற அர்த்தத்தில் ஒரு சத்தம் போட்டார். ராணுவ நூல்களில் இல்லாத அந்த உத்தரவு பிரமாதமாக வேலை செய்தது.

பிறகு அவருடைய ஆட்கள் அதிகாரிகளின் சாராயத்தைத் திருடிக் குடித்துக் கவிழ்ந்தார்கள். தண்டனை கேப்டனுக்கு: இரண்டு நாள் இடுப்பில் மரக்கத்தியோடு திரிய வேண்டும். படைக்காலம் முடிந்து ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் குதிரையும் களவுபோனது. பாதி நடையும் பாதி படகுமாக வந்து தேர்தலில் நின்றார். 13 பேரில் எட்டாவது.

அவர் படையைவிட்டுக் கிளம்பிய அடுத்த மாதமே பேட் ஆக்ஸ் ஆற்றங்கரையில் பிளாக் ஹாக்கின் மக்கள், பெண்களும் குழந்தைகளுமாக, நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அந்தப் போரைச் சொல்லிப் பலர் பதவிக்கு வந்தார்கள். லிங்கன் மட்டும் 1848இல் நாடாளுமன்ற உறுப்பினராக அவையில் எழுந்து, சண்டையில் ஓர் எதிரியைக்கூடப் பார்க்கவில்லை, பாய்ந்ததெல்லாம் காட்டு வெங்காயத்தின் மேல், ரத்தம் சிந்தியது கொசுக்களிடம் என்று தன்னையே கிண்டலடித்தார். எதிர்க்கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் லூயிஸ் காஸின் வீரப்பிரதாபங்களைக் காலிசெய்யத்தான் இந்த ஒப்புதல் வாக்குமூலம். அரசாங்கம் அசரவில்லை. முன்னாள் படைவீரர் என்று ஐயோவாவில் 160 ஏக்கர் எழுதிக் கொடுத்தது.

போரில் கிடைத்த உருப்படியான லாபம் ஜான் ஸ்டூவர்ட்டின் சிநேகம். சட்டப் புத்தகங்களை இரவல் கொடுத்து, பிறகு வக்கீல் தொழிலில் கூட்டாளியாகவும் சேர்த்துக்கொண்டவர் அவர். அந்தத் தொழிலுக்காக 1837இல் இரண்டு சேணப்பைகளோடு ஸ்பிரிங்ஃபீல்டு வந்த லிங்கன் ஒரு கடையில் கட்டிலுக்கான மெத்தை, விரிப்பு விலை கேட்டார். 17 டாலர். கையில் காசில்லை. கடைக்காரர் ஜோஷுவா ஸ்பீடு இரக்கப்பட்டு, மாடியில் தன் கட்டிலிலேயே படுத்துக்கொள்ளச் சொன்னார். லிங்கன் மேலே போய்ப் பைகளைப் போட்டுவிட்டு, குடிவந்தாச்சு என்று இறங்கி வந்தார்.

1842இல் நிஜக் கத்திக்கும் வேளை வந்தது. பத்திரிகையில் புனைபெயரில் நக்கலடித்ததற்காக, மாநிலத் தணிக்கையாளர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்கு அழைத்தார். ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அழைக்கப்பட்டவருக்கு. 6 அடி 4 அங்குல லிங்கன் இருப்பதிலேயே பெரிய குதிரைப்படை வாளைச் சொன்னார். நடுவில் ஒரு பலகை, தாண்டக் கூடாது. குட்டையான ஷீல்ட்ஸின் கை எங்கே எட்டும்? நண்பர்கள் குறுக்கே புகுந்து சமாதானம் செய்துவைத்தார்கள்.

1858இல் லிங்கன் படையின் பழைய சார்ஜென்ட், குஸ்தி போட்டு நண்பரான ஜாக் ஆம்ஸ்ட்ராங்கின் மகன் கொலை வழக்கில் கூண்டில் நின்றான். ஜாக் உயிரோடு இல்லை. லிங்கன் காசு வாங்காமல் வாதாடினார். இரவு 11 மணிவாக்கில் நடந்ததை, உச்சியில் நின்ற நிலா வெளிச்சத்தில் பார்த்தேன் என்றார் சாட்சி. லிங்கன் பொறுமையாக அதையே திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். பிறகு பஞ்சாங்கத்தை எடுத்துக் காட்டினார். அந்த நேரத்தில் நிலா அடிவானத்தில், மறையப் போகிற நிலையில் இருந்தது. பையன் விடுதலையானான்.

பார்க்காத எதிரியைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளாத மனுஷனுக்கு, பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லும் சாட்சியை மடக்குவது பெரிய காரியமில்லை. வீரப்பிரதாபம் பேசிக்கொண்டு யாராவது உங்களிடம் ஓட்டுக் கேட்டு வந்தால், எதிரியை எங்கே, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கையில் பஞ்சாங்கமும் இருக்கட்டும்.