ரசீதுக்குப் பாய்பவர்

மதுரையில் பாரசீகச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்டால், ஆட்டோக்காரர் ஓடாத மீட்டரைப் பார்த்தபடி கொஞ்சம் யோசித்துவிட்டு ஏதாவதொரு மந்திக் கடை வாசலில் இறக்கிவிடுவார். மந்தி ஏமன்காரர்களின் சோறு. அதற்கும் பாரசீகத்துக்கும் நடுவில் ஒரு வளைகுடாவே கிடக்கிறது. ஆனாலும் ஆட்டோக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. பாரசீகம் இந்த ஊருக்குக் கடையாக வரவில்லை. சொல்லாக வந்து பந்தியில் உட்கார்ந்துகொண்டது. ஜிகர்தண்டாவில் முன்பாதி பாரசீகம். ஜிகர் என்றால் ஈரல், நெஞ்சு என்றும் கொள்ளலாம். பலூடாவின் மூதாதை இன்றைக்கும் ஷிராஸ் நகரத்தில் பனியும் சேமியாவுமாக விற்கிறது. குஷ்க் என்றால் வறண்டது. தட்டில் ஒரு கறித்துண்டும் இல்லாத குஸ்காவை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு இந்த அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. கடைசியில் சோம்புக் கிண்ணத்தோடு வருகிறதே ரசீது, அதுவும் பாரசீகச் சொல்தான். அதைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எகிறுகிற மனிதர் ஒருவர் எல்லா நண்பர் கூட்டத்திலும் இருக்கிறார். அவரைப் போலி என்று ஊர் சொல்கிறது. அவர் போலி இல்லை; தான் படிக்காத ஒரு பாரசீக இலக்கணத்தைப் பிழையில்லாமல் பேசுகிறவர்.

ஆறு பேர் ஒரே தாம்பாளத்து மந்தியைச் சுற்றி உட்காரும்போது அவர் ஓர இருக்கையைத்தான் பிடிப்பார். சாப்பாட்டின்போது அவரிடம் விசேஷம் ஒன்றும் இருக்காது. கடைசி எலும்பு கடிபடும் நேரத்தில் அவர் கழுத்து மட்டும் கல்லாப் பக்கம் திரும்பத் தொடங்கும். ரசீது மேசையைத் தொடுவதற்கு முன்பே இடது கையால் அதை அமுக்கிவிடுவார். வலது கை இன்னும் கழுவாத கை. ஆகவே பர்ஸை எடுக்க முடியாது. இந்த நுட்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. எதிரே இருப்பவர் மணிக்கட்டைப் பிடிப்பார். “யோவ் மாப்ள, கைய எடு.” “போன தடவை நீங்கதான் குடுத்தீங்கண்ணே, விடுங்க.” “பங்காளி, மரியாதை கெட்டுப் போகும் பாத்துக்க.” பரிமாறுகிற தம்பி இந்த நேரம் முழுக்க மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நிற்பான். சத்தம் போடுகிறவர் யாரும் பணம் தரப் போவதில்லை என்பதும், கை கழுவப் போகிறேன் என்று எழுந்துபோன அமைதியான ஆள் இந்நேரம் கல்லாவில் கணக்கை முடித்திருப்பார் என்பதும் அவனுக்குத் தெரியும்.

ஈரானில் இதற்குப் பெயரே உண்டு: தாரோஃப். அங்கே கடைக்காரரிடம் விலை கேட்டால், ‘உங்களுக்கு முன்னால் இது ஒன்றுமேயில்லை’ என்ற பொருளில் ஒரு வாசகம் சொல்லிப் பணத்தை மறுப்பார். நீங்கள் வற்புறுத்த வேண்டும். அவர் மறுபடி மறுக்க வேண்டும். இரண்டு மூன்று சுற்று போன பிறகு காசைச் சரியாக எண்ணி வாங்கிக்கொள்வார். இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. சாப்பாட்டு மேசையிலும் அதே ஆட்டம்தான். சட்டியடியில் பொன்னிறமாகப் பிடித்த சோற்றைத் தஹ்தீக் என்பார்கள். நம் வீட்டில் அடிப்பிடித்தால் சமைத்தவருக்கு ஏச்சு விழும்; அங்கே அதற்குத்தான் போட்டி. ஆளாளுக்கு ஆசை, ஆனாலும் ‘நீங்கள் எடுங்கள்’ என்று அடுத்தவர் தட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். மந்தித் தாம்பாளத்தில் மிஞ்சிய அந்த ஒற்றைக் கோழித்துண்டை நினைத்துப் பாருங்கள். ஆறு பேர் கண்ணும் அதன்மேல் இருக்கும். ஒரு விரலும் நீளாது. பசியோடு உறவுக்காரர் வீட்டுக்குள் நுழைந்து “இப்பதான் சாப்ட்டு வந்தேன் அத்தை” என்று சொல்வதும் இதே இலக்கணம். மூன்றாவது முறை கேட்ட பிறகுதான் இலையில் உட்கார வேண்டும். முதல் முறையிலேயே உட்கார்ந்தவரைப் பற்றி அடுத்த கல்யாணம்வரை பேச்சு நடக்கும்.

தோற்பேன் என்று தெரிந்து பாய்வது நடிப்புதானே என்று கேட்கலாம். நடிப்புதான். ஆனால் இது கணக்கு வைத்த நடிப்பு. மொய் நோட்டு போட்டு, இருபது வருடம் முந்திய செய்முறையைப் பேர் ஊரோடு எடுத்துச் சொல்கிற சீமை இது. யார் எத்தனை முறை பாய்ந்தார், எத்தனை முறை உண்மையிலேயே கொடுத்தார் என்பதை நண்பர்கள் எழுதி வைப்பதில்லை, அவ்வளவுதான். மூன்று பாய்ச்சலுக்கு ஒரு கொடுப்பு என்ற விகிதம் தவறினால், நான்காவது முறை அவர் மணிக்கட்டைப் பிடிக்க எந்தக் கையும் வராது. இதைவிடக் கறாரான தணிக்கை எந்த அலுவலகத்திலும் கிடையாது.

2016இல் யுபிஐ வந்த பிறகு இந்த ஆட்டம் செத்துவிட்டது, ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்து அனுப்புவதுதான் நேர்மை என்று சின்ன வயசுக்காரர்கள் சொல்கிறார்கள். அதில் ஒரு நியாயத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மாசக் கடைசியில் பையில் நூறு ரூபாயோடு வந்தவனுக்கு இந்தப் பாய்ச்சல் மரியாதை இல்லை, வயிற்றுக் கலக்கம். ஆனால் பிரிக்கிற கணக்கு நேர்மையாக மட்டும் நிற்பதில்லை. “நான் வெறும் லைம் ஜூஸ்தான குடிச்சேன்” என்று ஒருவர் ஆரம்பித்தால், மயோனைஸை யார் அதிகம் தொட்டது என்பதுவரை விசாரணை போகும். பாய்பவர் இருக்கும் மேசையில் அந்த விசாரணை நடக்காது. அதற்காகவே அவரைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அவருக்கு இருக்கிற ஒரே ஆபத்து, இந்த இலக்கணம் தெரியாத ஆள்தான். ஈரானில் டாக்சிக்காரர் ‘காசு வேண்டாம்’ என்றதும் நன்றி சொல்லிவிட்டு இறங்கி நடக்கிற வெளிநாட்டுக்காரர் அந்த வகை. நம் மேசையில் அது பெரும்பாலும் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்த ஒன்றுவிட்ட தம்பியாக இருக்கும். மணிக்கட்டைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் அவன் போனைப் பார்த்தபடியே “சரிண்ணே, நீங்களே குடுத்துருங்க” என்பான். மேசை அமைதியாகிவிடும். பாய்ந்தவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து, இதுவரை உள்ளங்கைக்குள் கசங்கிக் கிடந்த ரசீதை முதல் தடவையாக விரித்து, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகப் படிப்பார். பிறகு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்பார்: “தண்ணி பாட்டில் ரெண்டுதானப்பா வாங்குனோம்? மூணு போட்டுருக்க?”