வாரியலுக்குச் சோப்பு

ஏலேய், கையில கட்டிருக்கியே, அது என்னத்துக்கு அப்பப்பக் கிணுகிணுங்குது? தண்ணி குடிக்க ஞாபகப்படுத்துதா? நல்லாருக்குலே. தவிச்சா தொண்டை சொல்லாதோ?

"கிட்னியைக் கழுவுதேன் தாத்தா"ங்க. காலையில வாழைத்தண்டுச் சாறு. அதுக்கு மேல டீடாக்ஸோ என்னமோ ஒரு பொடி. டப்பா விலையைக் கேட்டா ஒரு மூட்டை அரிசி வாங்கலாம் போலுக்கு. ரெண்டு கிட்னியையும் சேத்து நிறுத்தா முந்நூறு கிராம் தேறும். அது நாளொண்ணுக்கு 180 லிட்டரை வடிகட்டி, வேண்டியதெல்லாம் திரும்ப உள்ள எடுத்துக்கிட்டு, ஒண்ணு ஒண்ணரை லிட்டரைத்தான் வெளிய தள்ளுது. வீட்டையே கூட்டுத வாரியலுக்கு நீ சோப்பு வாங்கிட்டு வாரியே, கோட்டிக்காரா!

சரி, உன் பிரஷர் எம்புட்டு? முழிக்க. சுகர்? "எனக்கு என்ன வயசாயிட்டா"ங்க. கிட்னியைக் கெடுக்குததுல முதல் ரெண்டு பேரு அவனுவதாம்லே. ரெண்டு பேரும் சத்தம் போட மாட்டானுவ. கிட்னியும் வாய் திறக்காது. பாதி வேலை போனபிறகுகூட ரத்தத்துல கிரியாட்டினின்ங்குத கழிவோட அளவு நல்லபிள்ளை மாதிரி நிக்கும். காலு வீங்கி, மூஞ்சி உப்பி, சோத்தைக் கண்டா ஓங்கரிக்கும்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுவ. அப்பம் கடைசிப் படியில நிப்ப. முன்கூட்டியே காட்டிக் குடுக்குதது மூத்திரத்துல இறங்குத ஆல்புமின். ஒரு சின்ன டப்பியில பிடிச்சுக் குடுத்தாப் போதும். அதுக்கு வெக்கப்படுத. பொடி டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு போட்டோ எடுக்க வெக்கமில்ல.

உங்க ஆச்சி மட்டும் என்ன லேசுப்பட்டவளா? 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு பிரஷர், சுகர் மாத்திரையை வாசல்லயே கொண்டாந்து குடுக்காங்க. வாங்கி அரிசிப்பானைக்குப் பின்னால வச்சிருக்கா. "இன்னைக்கு நல்லாத்தானே இருக்கு"ங்கா. மாத்திரை தின்னதுனாலதான் நல்லாருக்குன்னு யாரு சொல்ல? ஆனா மூட்டு வலிச்சா மட்டும் மெடிக்கல் கடைக்கு ஆளனுப்பி, சீட்டில்லாம டைக்ளோபினாக் வாங்கிப் போடுவா. பலவீனப்பட்ட கிட்னிக்கு அதுல ஒரு அட்டை போதும், சோலி முடிஞ்சிரும்.

கிட்னி கைவிட்டா மிஷினை வச்சு ரத்தத்தைச் சுத்தம் பண்ணுத டயாலிசிஸ் தெரியுமாலே? அந்த மிஷினை 1943ல ஹாலந்துல கோல்ஃப்னு ஒரு டாக்டர் செஞ்சாரு. செர்மன்காரன் நாட்டைப் பிடிச்சு வச்சிருந்த நேரம், சாமான் கிடைக்கல. கறி அடைக்குத செலோபேன் உறையை மரச்சட்டத்துல சுத்தி, அதுக்குள்ள ரத்தத்தை ஓடவிட்டாரு. எத்தனையோ பேரு போய்ச்சேந்தாங்க. மனுசன் விடல. 1945ல ஒரு அம்மா பிழைச்சா. இன்னைக்கு மிஷினு பளபளன்னு இருக்கு, ஆனா வாரத்துக்கு மூணு தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் கையில ஊசியோட படுத்துக்கிடக்கணும். கிட்னி ராப்பகலா, சும்மா செஞ்ச வேலை.

இப்பம் உறவுக்காரன் வைத்தியத்துக்கு வாரேன். கிட்னி கெட்டவனைப் பாக்கப் போறவன் சும்மா போறானா? இளநியும் வாழைப்பழமும் சாத்துக்குடியுமா வாங்கிட்டுப் போறான். போயி, "தண்ணியை நிறையக் குடிப்பா, எல்லாம் கரைஞ்சிரும்"ங்கான். எது கரையும்? அது கல்லடைப்புக்குச் சொன்னது. கல்லு வேற, கிட்னி சுருங்குதது வேறன்னு இவனுக்கு யாரு சொல்ல? மூத்திரம் குறைஞ்சவனுக்கு டாக்டர் தண்ணியை அளந்து குடுக்காரு. கூடக் குடிச்சா நெஞ்சுக்குள்ள நீர் கோத்துக்கிட்டு மூச்சு முட்டும். இளநி உனக்கு நல்லது, எனக்கு நல்லது. ஆனா அதுல இருக்க பொட்டாசியம், ஏற்கெனவே ரத்தத்துல அது ஏறுனவனுக்கு நெஞ்சுத் துடிப்பையே நிறுத்திப்போடும். பாசத்துல ஆளைக் கொல்லுதது நம்மூர்ல கேசு ஆவாது, அதனால தப்பிச்சான்.

உப்பு இருக்கே, அதுலதாம்லே உங்க கூத்து கூடுதல். நாளைக்கு அஞ்சு கிராமுக்குள்ள இருக்கட்டும்னு டாக்டர் சொன்னா, அப்பளத்தை விடுதது கிடையாது, ஊறுகாயை விடுதது கிடையாது, கருவாடு இல்லாம சோறு இறங்காது. உப்பை மட்டும் மாத்துவான்! இந்துப்பு நல்லதாம், ரோசாப்பூ நிறமாம். அடேய், அதுலயும் இருக்கது அதே சோடியந்தான். நிறத்துக்குக் காசு குடுக்க. இவனைவிட விவரமானவன் ஒருத்தன் இருக்கான். சோடியம் குறைச்ச உப்புன்னு பாக்கெட்டு வாங்கிட்டு வந்து, கிட்னி கெட்ட தகப்பனுக்குப் பெருமையாப் போடுதான். குறைச்ச சோடியத்துக்குப் பதிலா உள்ள என்னத்தப் போட்டிருக்கான்? பாக்கெட்டுக்குப் பின்னால பொடி எழுத்துல இருக்கும். உனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுமே, வாசிலே, கேப்போம். பொட்டாசியமா?